சான் பிரான்சிஸ்கோவைக் கேபிள் காரில் ஏறியும் ஆடியோ கேட்டபடி நடந்தும் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள், பிள்ளைகளோடு சில மாதம் இருக்க வந்த அப்பா அம்மாக்கள், ஆபீஸ் பயணத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் கையில் கிடைத்தவர்கள், இவர்களில் பெரும்பாலோர் சான் பிரான்சிஸ்கோவைப் பார்க்கிற விதம் ஒன்றுதான். காரில் போய் கோல்டன் கேட் பாலத்தில் ஒரு போட்டோ, லம்பார்ட் தெருவில் ஒரு போட்டோ, பியர் 39-இல் கடல் சிங்கங்கள், நடுவில் பார்க்கிங் தேடி அலைச்சல், பிறகு வீடு. பார்த்தாச்சு என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இந்த ஊர் ஏன் இத்தனை மேட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பணக்காரர்கள் ஏன் உச்சிக்குப் போனார்கள், சைனாடவுன் ஏன் சரிவின் நடுவில் இருக்கிறது என்று எதுவும் பிடிபட்டிருக்காது. எனக்கு இதில் நிஜமாகவே ஆதங்கம் உண்டு. காரை விட்டுவிட்டு, மேட்டில் ஏறக் கேபிள் காரையும் இறங்கி நடக்கும்போது ஒரு ஆடியோ டூரையும் வைத்துக்கொண்டால் ஒரே நாளில் ஊர் நன்றாகவே புரிந்துவிடும். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

கேபிள் கார் எப்படி ஓடுகிறது

பழனியில் இருப்பது போல அந்தரத்தில் தொங்கிக்கொண்டு போகும் பெட்டி அல்ல இது. நடுத்தெருவில் தண்டவாளத்தில் ஓடும் வண்டி. வண்டிக்குள் என்ஜினும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. தெருவுக்கு அடியில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஒரு இரும்புக் கயிறு மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்க நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வண்டியின் முன்பகுதியில் நின்று ஓட்டுகிற கிரிப்மேன் ஒரு பெரிய நெம்புகோலை இழுத்தால், அடியில் உள்ள பிடி அந்தக் கயிற்றைக் கவ்விக்கொள்ளும், வண்டி கயிற்றோடு போகும். பிடியை விட்டுப் பிரேக் போட்டால் நிற்கும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். இறக்கத்தில் சக்கரப் பிரேக் போதாது என்பதால் தண்டவாளத்தின் மேல் மரக்கட்டையை அழுத்தி நிறுத்துகிறார்கள். செங்குத்தான இறக்கத்தில் லேசாகக் கருகிய மர வாசனை வந்தால் பயப்பட வேண்டாம், அது இந்தப் பிரேக்தான். கட்டைகள் சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்.

இதைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ ஹாலிடி. சுரங்கங்களுக்கு இரும்புக் கயிறு செய்து விற்றுக்கொண்டிருந்தவர். ஈரமான மேட்டில் பாரவண்டி இழுத்த குதிரைகள் சறுக்கி விழுந்து செத்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1873 ஆகஸ்டில் கிளே தெருவில் முதல் வண்டி ஓடியது. அதற்கு முன்னால் அந்த மேடுகள் குதிரை ஏற முடியாத இடங்கள், அதனால் பெரிய மதிப்பும் இல்லை. கயிறு வந்த பிறகுதான் உச்சியில் மாளிகைகள் முளைத்தன. 1878-இல் கலிஃபோர்னியா தெருப் பாதையைப் போட்டவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு, பாலோ ஆல்டோ பக்கம் தினமும் நாம் பார்க்கிற பல்கலைக்கழகத்தை நிறுவிய அதே ஆள்தான். அவர் மாளிகையும் அந்த மேட்டில்தான் இருந்தது. ஆக, இந்த ஊரின் மேல்பாதிக்கு விலை வந்ததே கேபிள் காரால்தான். அதனால்தான் இதில் ஏறிப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்று மிச்சம் இருப்பவை மூன்று பாதைகள்: பவல்-ஹைட், பவல்-மேசன், கலிஃபோர்னியா. 1906 பூகம்பத்துக்குப் பிறகு மற்ற இடங்களில் மின்சார டிராம் வந்துவிட்டது, அது ஏற முடியாத செங்குத்துகளில் மட்டும்தான் கயிறு தங்கியது. 1947-இல் பவல் தெரு வண்டிகளையும் எடுத்துவிட்டு பஸ் விடலாம் என்று அன்றைய மேயர் கிளம்பினார். ஃப்ரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி ஊரைத் திரட்டி வாக்கெடுப்பு வரைக்கும் கொண்டுபோனார். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கேபிள் கார் ஜெயித்தது. ஹைட் தெருவின் கடைசியில் வண்டியைத் திருப்புகிற சுழல்மேடைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு விதி

வண்டியில் இருக்கும்போது ஆடியோ வேண்டாம். இறங்கிய பிறகு போடுங்கள்.

ஆடியோ டூர் வாங்கியவர்கள் பலரும் வண்டிக்குள்ளேயே இரண்டு காதையும் அடைத்துக்கொள்கிறார்கள், இது ரொம்பப் பாவம். கேபிள் காரில் கேட்க வேண்டியது வண்டியைத்தான். கிரிப்மேன் அடிக்கிற மணிக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு தனித் தாளம் இருக்கும், அதற்கென்றே போட்டி நடத்துகிற ஊர் இது. வளைவு வரும்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கத்துவார், அதைக் கேட்காமல் ஓரப்படியில் நிற்பது ஆபத்தும்கூட. வண்டியே இல்லாத நேரத்தில் தெருவைக் கடக்கும்போது நின்று கவனித்தால், தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கும் நீளப் பிளவிலிருந்து கயிறு ஓடுகிற ரீங்காரம் மேலே வரும். எந்த ஆடியோ டூரிலும் இது கிடைக்காது.

ஆகவே திட்டம் இதுதான்: மேடு ஏற வண்டி, இறங்கி நடக்கும்போது ஆடியோ. காலுக்கும் நல்லது.

முந்தைய நாள் இரவு செய்து வைக்க வேண்டியவை

டிக்கெட். கேபிள் காரில் ஒருமுறை ஏறுவதற்கான கட்டணம் சாதாரண பஸ் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், இறங்கி மறுபடி ஏறினால் மறுபடி முழுக் கட்டணம். பஸ்ஸில் வாங்கிய டிரான்ஸ்ஃபர் இதில் செல்லாது. நாம் ஏறி இறங்கிப் போகப் போவதால் விசிட்டர் பாஸ்போர்ட் என்ற பாஸ் வாங்குவதுதான் சரி. 1 நாள், 3 நாள், 7 நாள் என்று இருக்கிறது, முனி என்கிற ஊர்ப் பொதுப் போக்குவரத்தின் முனிமொபைல் ஆப்பிலேயே வாங்கலாம். பஸ், முனி ரயில், பழைய டிராம், கேபிள் கார் எல்லாம் இதில் அடக்கம். பக்கத்து ஊர்களிலிருந்து வருகிற பார்ட் ரயில் அடக்கமில்லை. இன்னொன்றும் கவனியுங்கள், கேபிள் கார் சேராத மலிவான நாள் பாஸ் ஒன்றும் அதே ஆப்பில் இருக்கும், அவசரத்தில் அதை அழுத்திவிடாதீர்கள்.

முனி பஸ்ஸில் 18 வயது வரை இலவசம் என்பதை நம்பிக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கேபிள் காருக்கு அது பொருந்தாது, 4 வயது வரைதான் இலவசம். அதேபோல 65 தாண்டியவர்களுக்கான சலுகைக் கட்டணமும் இங்கே அதிகாலையிலும் இரவிலும்தான், பகலில் அவர்களும் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும்.

ஆடியோ. வாய்ஸ்மேப், இசி டிராவல் மாதிரியான ஆப்களில் ஊர் பெயரைப் போட்டுத் தேடினால் நிறையக் கிடைக்கும். கதை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைவிட முதலில் மூன்று விஷயம் பாருங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நெட் இல்லாமல் ஓடுமா, ஒவ்வொரு பகுதியையும் கையால் அழுத்திப் போட முடியுமா. கடைசியது முக்கியம், ஏனென்றால் நாம் நிற்கிற இடத்தை ஜிபிஎஸ் வைத்துக் கண்டுபிடித்துத் தானே பேசத் தொடங்குகிற டூர்கள் திறந்த இடத்தில் அருமையாக வேலை செய்யும், ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட் பக்கம் உயரக் கட்டடங்களுக்கு நடுவில் போனதும் தடுமாறும், நீங்கள் இந்தத் தெருவில் நிற்க அது அடுத்த தெருவைப் பற்றிப் பேசும். அப்போது கையால் போட்டுக்கொள்ளலாம். வீட்டு வைஃபையில் முழுவதையும் டவுன்லோட் செய்து, முதல் இரண்டு நிமிடம் கேட்டுப் பாருங்கள். குரல் பிடிக்கவில்லையென்றால் வேறு எடுங்கள், நாள் முழுக்கக் கேட்கப் போகிற குரல் அது. பவர் பேங்க் கட்டாயம், ஜிபிஎஸ் பேட்டரியைக் குடிக்கும். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், மற்றக் காது தெருவுக்கு.

உடை. ஜூலை, ஆகஸ்டில் சான் ஹோசேயில் வெயில் கொளுத்தும்போது இங்கே மூடுபனி இறங்கிக் குளிர்காற்று வீசும். ஓரப்படியில் நின்றால் இன்னும் குளிரும். ஜாக்கெட் இல்லாமல் கிளம்பாதீர்கள். வெதுவெதுப்பான நாட்கள் வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர். செருப்பு வேண்டாம், பிடிப்பு உள்ள ஷூ.

எப்படிப் போவது. கார் எடுத்துப் போகாதீர்கள். நிறுத்த இடம் கிடைத்தாலும் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துப் போவது இந்த ஊரில் பல காலமாக இருக்கிற தொல்லை. ஃப்ரீமாண்ட், மில்பிடாஸ் பக்கமிருந்து பார்ட் ஏறி எம்பார்கடேரோ நிலையத்தில் இறங்குங்கள். சன்னிவேல், மவுண்டன் வியூ ஆட்கள் கால்ட்ரெயின் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை வந்து, அங்கிருந்து முனியின் N ரயிலில் எம்பார்கடேரோ வரலாம். 2024 செப்டம்பரிலிருந்து கால்ட்ரெயின் மின்சாரத்தில் ஓடுவதால் முன்பைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

படி 1: வரிசையில்லாத இடத்தில் ஏறுங்கள்

எல்லாரும் பவல் தெருவும் மார்க்கெட் தெருவும் சேரும் சுழல்மேடைக்குப் போய் நிற்பார்கள். வண்டியை ஆட்கள் கையால் தள்ளித் திருப்புவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் கோடையில் நடுப்பகலில் அங்கே ஒரு மணி நேரம்கூட நிற்க வேண்டியிருக்கும். நீங்கள் எம்பார்கடேரோவில் இறங்கி, முதலில் ஃபெர்ரி பில்டிங்கைப் பாருங்கள். 1898-இல் கட்டியது, பூகம்பத்தில் தப்பித்தது, பாலங்கள் வருவதற்கு முன் ஊருக்குள் வருகிறவர்கள் படகில் வந்து இறங்கிய வாசல் இதுதான். கழிவறை உள்ளே இருக்கிறது, பெரியவர்கள் கூட வந்தால் இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. பிறகு டிரம் தெரு முனைக்கு நடந்து கலிஃபோர்னியா வண்டியில் ஏறுங்கள். காலை ஒன்பது மணி வாக்கில் போனால் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும்.

இந்த வண்டிக்கு இரண்டு முனையும் ஒன்று போலவே இருக்கும், அதனால் திருப்ப வேண்டியதில்லை, சுழல்மேடையும் இல்லை. முன்னும் பின்னும் திறந்த பகுதி, நடுவில் கதவு போட்ட பகுதி. பெரியவர்களை நடுவில் உட்கார வையுங்கள், படி கொஞ்சம் உயரம், கை கொடுத்து ஏற்றுங்கள். சக்கர நாற்காலி ஏற வழியில்லை. ஓரப்படியில் நிற்க ஆசைப்படுகிறவர்கள் முதுகுப்பையைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பை உள்பக்கமே வைத்திருங்கள். எதிர்த் தண்டவாளத்தில் வரும் வண்டி உரசுகிற தூரத்தில் போகும். போட்டோ எடுக்க ஒரு கையை விட வேண்டாம், உள்ளே உட்கார்ந்திருப்பவர் எடுக்கட்டும்.

ஏறும்போது எல்லாரும் முன்னால் பார்ப்பார்கள். நீங்கள் திரும்பிப் பின்னால் பாருங்கள். வானளாவிய கட்டடங்களுக்கு நடுவில் தெரு நேராகக் கீழே இறங்கிப் போக, அதன் கடைசியில் பே பாலத்தின் கோபுரம் நிற்கும். கிரான்ட் தெருவைக் கடக்கும்போது செங்கல்லில் கட்டிய பழைய செயின்ட் மேரி தேவாலயம், 1854-இல் கட்டியது. அதைச் சுற்றிச் சைனாடவுன்.

படி 2: நாப் ஹில்லில் இறங்கி ஆடியோவைத் தொடங்குங்கள்

டெய்லர் தெரு பக்கம் இறங்குங்கள். கிரேஸ் கதீட்ரல், அதற்கு எதிரே ஹண்டிங்டன் பூங்கா. முதல் ஆடியோவை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள், நடந்துகொண்டே வேண்டாம். இந்த உச்சியில் ஒரு காலத்தில் ரயில்வே முதலாளிகளும் வெள்ளிச் சுரங்க முதலாளிகளும் மாளிகை கட்டியிருந்தார்கள். 1906 ஏப்ரல் 18 காலை 5:12-க்கு வந்த பூகம்பத்தைவிட, அதன் பின் நாள்கணக்கில் எரிந்த தீதான் அவற்றைக் கொண்டுபோனது. மர மாளிகைகள் எரிந்த மனைகளில்தான் இன்று தேவாலயமும் பூங்காவும் இருக்கின்றன. பழுப்புக் கல்லில் கட்டிய ஃப்ளட் மாளிகை மட்டும் சுவர்கள் நின்று தப்பித்தது, பூங்காவின் கிழக்கே நிற்கிறது. அதற்கு அடுத்த ஃபேர்மாண்ட் ஹோட்டல் திறப்பதற்குத் தயாராக இருந்தபோது உள்ளே எரிந்துபோய், ஜூலியா மார்கன் என்ற பெண் கட்டடக் கலைஞர் சரிசெய்து, 1907-இல் திறந்தது.

படி 3: கேபிள் கார் மியூசியம், தவறவே விடாதீர்கள்

மேசன் தெருவில் மூன்று தெரு இறங்கினால் வாஷிங்டன் தெரு முனையில் ஒரு செங்கல் கட்டடம். அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. பெயர்தான் மியூசியம், உண்மையில் ஊரிலுள்ள எல்லாக் கேபிள் கார்களையும் இழுக்கிற இடமே இதுதான். நான்கு கயிறுகள், நான்கையும் சுற்றுகிற ராட்சதச் சக்கரங்கள், மேலே நின்று பார்க்கலாம். கீழே ஒரு தளம் இறங்கினால் கயிறு எப்படித் தெருவுக்கு அடியில் நுழைகிறது என்று ஜன்னல் வழியாகத் தெரியும். 1873-இல் கிளே தெருவில் ஓடிய வண்டிகளில் மிச்சமிருக்கும் ஒன்றும் இங்கேதான் இருக்கிறது. சத்தம் அதிகம், ஆடியோ கேட்காது, நிறுத்தி வையுங்கள். குழந்தைகளோடு வந்தால் இங்கே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வண்டியில் ஏறியதைவிட இந்தச் சக்கரங்கள்தான் அவர்களுக்கு அதிகம் பிடிக்கும்.

படி 4: பவல்-ஹைட் வண்டியில் லம்பார்ட் வரை

மியூசியத்திலிருந்து ஒரு தெரு தள்ளி ஜாக்சன். வளைகுடாவை நோக்கிப் போகிற வண்டிகள் ஜாக்சன் வழியாகவும், திரும்பி வருபவை வாஷிங்டன் வழியாகவும் போகும், இது தெரியாமல் தப்பான தெருவில் காத்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். முகப்பில் எழுதியிருக்கும் பெயரைப் படித்து பவல்-ஹைட் என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள், மேசன் வண்டி வேறு பக்கம் திரும்பிவிடும். கூட்டமான நேரத்தில் இரண்டு மூன்று வண்டிகள் நிற்காமல் போகலாம், பொறுமையாக இருங்கள், கையை நன்றாக நீட்டிக் காட்டுங்கள்.

வலது பக்கம் இடம் பிடியுங்கள். ரஷ்யன் ஹில் உச்சியில் போகும்போது காயிட் கோபுரமும் வளைகுடாவும் அந்தப் பக்கம்தான், லம்பார்ட்டின் வளைந்த பகுதி தொடங்குவதும் அந்தப் பக்கம்தான். லம்பார்ட் நிறுத்தத்தில் இறங்குங்கள். எட்டு வளைவு, 1922-இல் போட்டது, காரணம் வெறும் அழகில்லை, நேராக இறங்க முடியாத அளவு செங்குத்து. இரண்டு பக்கமும் படிக்கட்டு இருக்கிறது, இறங்கிக்கொண்டே பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்று பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறி ஹைட் தெருவின் கடைசிக்குப் போய்விடுங்கள். அந்தக் கடைசி இறக்கத்தில் எதிரே கடலும் அல்கட்ராஸ் தீவும் வண்டியின் மூக்குக்கு நேராக எழும்பி வரும், மூன்று பாதைகளிலும் இதற்கு ஈடான காட்சி கிடையாது என்பது என் எண்ணம்.

படி 5: வட கடற்கரைப் பக்கம் நடை

லம்பார்ட் படியில் இறங்கியவர்கள் அதே தெருவில் நேராகக் கிழக்கே நடந்தால் கொலம்பஸ் அவென்யூ, அங்கிருந்து நார்த் பீச். ஆடியோ டூரின் நீளமான பகுதியை இங்கே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் சமதளம், வாஷிங்டன் சதுக்கத்தில் புல்லில் உட்காரலாம். தெம்பு இருந்தால் காயிட் கோபுரம் ஏறுங்கள், இல்லையென்றால் 39-ஆம் நம்பர் பஸ் போகிறது. மேலே போக லிஃப்ட்டுக்குத் தனி டிக்கெட், ஆனால் கீழ்த்தளச் சுவர் முழுக்க 1934-இல் வரைந்த ஓவியங்களைச் சும்மாவே பார்க்கலாம். பொருளாதாரம் நொடித்துக் கிடந்த அந்த நாட்களில் அரசு சம்பளம் கொடுத்து ஓவியர்களை வரையச் சொன்னது. வயலிலும் பட்டறையிலும் உழைப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

பிறகு தெற்கே கிரான்ட் தெரு வழியாகச் சைனாடவுனுக்குள் நடந்து கிளே தெருவும் கியர்னி தெருவும் சேரும் முனைக்கு வாருங்கள். ஹாலிடியின் முதல் பாதையின் கீழ்முனை இதுதான். இன்று அங்கே தண்டவாளம் இல்லை, அண்ணாந்து மேலே பார்த்தால் குதிரைகள் பட்ட பாடு விளங்கும். இங்கிருந்து கியர்னி வழியாக மார்க்கெட் தெருவுக்குப் பத்து நிமிட நடை, மாண்ட்கமரி பார்ட் நிலையம்.

அப்பா அம்மாவுக்குத் தமிழில் நீங்களே ஒரு ஆடியோ டூர் செய்யலாம்

இதைத்தான் நான் எல்லாரிடமும் வற்புறுத்துவேன். ஆப்பில் கிடைக்கும் டூர்கள் அமெரிக்க உச்சரிப்பில் வேகமாகப் போகும், பெரியவர்கள் பத்து நிமிடத்தில் இயர்போனைக் கழற்றிவிடுவார்கள். பிறகு நீங்கள் காற்றில் கத்தி விளக்க வேண்டும். அதற்குப் பதிலாக முந்தைய வாரம் ஒரு மாலையில் உட்கார்ந்து உங்கள் குரலில் எட்டுப் பத்துத் துண்டுகள் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம், அதிகம் போனால் இரண்டு. எப்படிப் பேசுவது என்றால், முதலில் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும். அடுத்து கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஒரு பொருள். அதன் கதை. கடைசியில் அடுத்து எங்கே போக வேண்டும். நூறு தகவல் வேண்டாம், ஒரு இடத்துக்கு ஒன்று போதும். எழுத்துத் தமிழில் எழுதி வாசிக்காதீர்கள், செய்தி வாசிப்பது போல ஆகிவிடும். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். உதாரணத்துக்கு, ஹண்டிங்டன் பூங்காவுக்கு இப்படி:

“மூணாவது இடம். அப்பா, அந்தப் பெரிய சர்ச் உங்களுக்கு முதுகுப்பக்கம் இருக்கணும். இப்ப எதிர்ல பாருங்க, பழுப்புக் கல்லுல ஒரு பழைய மாளிகை தெரியுதா? வெள்ளிச் சுரங்கத்துல சம்பாதிச்ச ஒருத்தர் கட்டினது. அம்மா, நீங்க உட்கார்ந்திருக்கிற இந்தப் பூங்காவும் முன்னாடி ஒரு மாளிகை இருந்த எடம்தான். 1906-ல பூகம்பம் வந்துச்சு, அதுக்கப்புறம் ஊரே எரிஞ்சுது. மரத்துல கட்டினது எல்லாம் போச்சு, இந்தக் கல்லு மாளிகை மட்டும் நின்னுடுச்சு. சரி, ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழுந்திருங்க. அடுத்தது கீழ்ப்பக்கமா இறங்குற தெரு, மெதுவா, அம்மா கையைப் புடிச்சுக்கோங்கப்பா.”

போதும். மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு துண்டையும் இப்படி எண்ணைச் சொல்லித் தொடங்கினால் எது அடுத்தது என்று அவர்களுக்குக் குழப்பம் வராது. அவர்கள் போனில் முன்கூட்டியே எல்லாம் டவுன்லோட் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எழுத்துப் பெரிதாக்கி, வாட்ஸ்அப் ஐகானை முதல் திரையில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. அவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு, ஊருக்குப் போன பிறகும் அந்தக் குரல் போனில் இருக்கும், அக்கம்பக்கத்தில் போட்டுக் காட்டுவார்கள்.

இரண்டாவது நாள் கிடைத்தால்: அல்கட்ராஸ்

தானாகக் கேட்டு நடக்கிற டூர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1934 முதல் 1963 வரை மத்திய அரசின் சிறையாக இருந்த தீவு. படகு டிக்கெட்டிலேயே ஆடியோவும் அடக்கம், சிறைக் கட்டடத்துக்குள் நுழையும்போது கருவி கொடுப்பார்கள், சுமார் முக்கால் மணி நேரம். பேசுவது அங்கே வேலை பார்த்த காவலர்களும் அடைபட்டிருந்த கைதிகளும்தான். இந்த அறைக்கு முன்னால் நில், இடப்பக்கம் பார், நாலு அடி நட என்று குரல் கூட்டிக்கொண்டு போகும். 1962-இல் மூன்று பேர் பொம்மைத் தலைகளைப் படுக்கையில் வைத்துவிட்டுத் தப்பித்த அறைகளுக்கு முன்னால் நிற்கும்போது எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அது முடிந்ததும் உடனே படகுக்கு ஓடாதீர்கள். 1969 நவம்பர் முதல் 1971 ஜூன் வரை அமெரிக்கப் பூர்வகுடிகள் இந்தத் தீவைக் கைப்பற்றித் தங்கியிருந்தார்கள், அவர்கள் எழுதிய எழுத்துகள் இன்னும் கட்டடத்தில் இருக்கின்றன, படகுத்துறைப் பக்கம் நின்று பாருங்கள்.

டிக்கெட் கோடையில் பல நாள் முன்பே தீர்ந்துவிடும், முதலில் இதைப் பதிவு செய்துவிட்டு மற்ற நாட்களைத் திட்டமிடுங்கள். படகு பியர் 33-இலிருந்து. படகுத்துறையிலிருந்து சிறைக் கட்டடம் வரை 13 மாடி ஏறுவதற்குச் சமமான மேடு, நடக்க முடியாதவர்களுக்குச் சின்ன டிராம் வண்டி இருக்கிறது, இறங்கியதும் பணியாளரிடம் கேளுங்கள். தீவில் சாப்பாட்டுக் கடை கிடையாது, தண்ணீரும் ஜாக்கெட்டும் கையோடு. திரும்பி வந்ததும் பியர் 33-க்கு எதிரிலேயே எஃப் பாதையின் பழைய டிராம் வரும், 3 நாள் பாஸ் வாங்கியிருந்தால் அதே போதும், ஃபெர்ரி பில்டிங் வரை வந்து அங்கே ரயில் பிடித்துவிடலாம். கால்ட்ரெயினில் போகிறவர்கள் வார இறுதியில் வண்டிகள் குறைவு என்பதால் நேரத்தைக் காலையிலேயே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.